திருத்தக் கோரிக்கை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். காலையில் முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது, மாடிப்படி நாலு தரம் ஏறி இறங்கினால் வழிக்கு வந்துவிடுகிறது. உனக்கு அந்த மலைக்குளிர் ஒத்துக்கொண்டதா? இருமல் நின்றதா? அங்கே போன் சிக்னல் எடுக்காததால் எல்லாவற்றையும் கடிதத்தில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சுரங்கத்துக்குள் ஒயர் இழுக்கப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

அச்சகத்தை மூடிவிட்டார்கள். பதினாலு வருஷம் அங்கே பிழை திருத்தினேன். கடைசி நாள் எங்கள் கையில் கொடுத்த கடிதத்திலேயே மூன்று பிழை. சிவப்பு மையால் திருத்தி முதலாளியிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

எதிர்வீட்டுக்குப் போன வருஷம் குடிவந்தாளே, பஸ் கண்டக்டராக இருந்தவள், அவளுக்கும் வேலை போய்விட்டது. "மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கறாங்களாம். ஆறு மாச வேலை. வா, சேர்ந்தே போடலாம்" என்று இழுத்தாள். அரசாங்கம் நேராக எடுக்கவில்லை. ஆள் பொறுக்குகிற வேலையை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. எல்லாம் போனில்தான். என் போட்டோவை நாலு முறை திருப்பி அனுப்பியது. முகம் இருட்டு என்றது, பிறகு வெளிச்சம் அதிகம் என்றது, காது தெரியவில்லை என்றது. நாலாவது முறை, "படத்தில் இரண்டு முகங்கள் உள்ளன" என்று வந்தது. திரும்பிப் பார்த்தால் பின்சுவரில் எங்கள் கல்யாணப் படம். சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று எடுத்த பிறகு ஒப்புக்கொண்டது.

திருமண நிலை என்ற கட்டத்தில் "திருமணமானவர்" என்று தொட்டேன். கணவர் உடன் வசிக்கிறாரா என்று கேட்டது. "தற்காலிகமாக வெளியூரில்" என்று ஒரு விடை இருந்தது. அதைத் தொட்டேன். பொய் இல்லையே?

டிசம்பரோடு உன் மாமா வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம். நீ வீட்டுப் பக்கம் வந்தும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். அவரைப் பற்றி ஏதாவது காதில் விழுந்ததா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

—

ஜனவரி 27

அன்பான அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இருமல் போயிடுச்சு. முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் குடு, சும்மா படியேறிப் படியேறி அதை மிரட்டாதே.

அச்சகத்தை மூடினது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா முதலாளி கடிதத்தையே திருத்திக் குடுத்தியே, அதைப் படிச்சு ரூமில தனியாச் சிரிச்சேன். பக்கத்து ரூம்காரன் என்னமோ ஏதோன்னு எட்டிப் பாத்தான்.

இங்க சுரங்கம் இப்ப மலைக்குள்ள ரெண்டு மைல் போயிடுச்சு. பத்தடிக்கு ஒரு பல்பு. ஒண்ணு அணைஞ்சாலும் நான்தான் போகணும். வியாழக்கிழமை ஜீப்பில தபால் வருது, அதே ஜீப்பில போகுது. அதனால பதில் தாமதமானா கவலைப்படாதே.

இந்த வேலை உனக்குக் கிடைக்கட்டும். வீடு வீடாப் போய் நாலு மனுஷங்களைப் பாத்தா உனக்கும் நல்லது. அந்தக் கண்டக்டரம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

உன் தம்பி

—

பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு தேறியது சந்தோஷம். எனக்கும் வலி குறைவு. மாமாவைப் பற்றிக் கேட்டதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அலுவலகம் என்று பார்த்தால் அது மூடிப்போன ஒரு பர்னிச்சர் கடை. சோபாக்களின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இருநூறு பேர் அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். யார் அசைந்தாலும் சரசரவென்று சத்தம். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் டோக்கன் எண்ணைச் சொல்லும். சில எண்களுக்கு யாருமே எழவில்லை. அப்படியும் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் காகிதத்தில் டிக் போட்டாள்.

கண்டக்டரம்மா சும்மா இருப்பாளா? "ஆளே வரலையேம்மா, எதுக்கு டிக்கு?" என்று கேட்டாள்.

"எண் வந்துடுச்சுல்ல" என்றாள் அந்தப் பெண்.

என் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் என் விண்ணப்பத்தைத் திரையில் திறந்து, சரிதானா என்று என் பக்கம் திருப்பினாள். பெயர் சரி, வயது சரி. திருமண நிலை: கணவரை இழந்தவர்.

"இது தப்பும்மா" என்றேன்.

"அவசரத்துல நீங்களே மாத்தித் தொட்டிருப்பீங்க."

"பிழை திருத்தியே பிழைச்சவ நான். அப்படித் தொட மாட்டேன்."

அவள் முகம் சுளிக்கவில்லை. உடனே மாற்றினாள். திருமணமானவர் என்று விழுந்தது. சேமித்தாள். திரை ஒரு தரம் வெளுத்து, மறுபடி வந்தது. கணவரை இழந்தவர். இன்னொரு முறை செய்தாள், அதேதான். மூன்றாவது முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"மேல இருந்து வர்றதைத்தான் நாங்க பாக்கறோம்மா."

"மேலன்னா யாரு?"

"அது வேற கம்பெனி. எங்களுக்கே தெரியாது."

திருத்தக் கோரிக்கை என்று ஒரு தாளை நிரப்பச் சொல்லி, பதினோரு இலக்கத்தில் ஒரு எண் கொடுத்தாள். வெளியே வந்ததும் கண்டக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவளை வேறொரு மாவட்டத்து ஆம்பளை என்று காட்டியதாம். நானும் சிரித்தேன். ஆனால் தம்பி, திரை வெளுத்துத் திரும்பி வந்த அந்த நொடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

குளிருக்கு இரண்டு போர்வையாகப் போர்த்திக்கொள்.

அக்கா

—

மார்ச் 5

அன்பான அக்காவுக்கு,

நலம். நீயும் நலமா இருப்பேன்னு நம்பறேன்.

அது கம்ப்யூட்டர் கோளாறு. அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதே. கணவரை இழந்தவங்களுக்கு இதில முன்னுரிமை உண்டுன்னு இங்க ஒருத்தர் சொன்னார். அப்படியே இருந்துட்டுப் போகட்டும். வேலை கிடைக்கிறதுதானே முக்கியம். கோரிக்கையைத் திருப்பி வாங்கிடு. கிளறக் கிளற இருக்கிறதும் கெட்டுப்போகும்.

வேலை ஜாஸ்தி. அடுத்த கடிதத்தில விவரமா எழுதறேன்.

தம்பி

—

மார்ச் 16

தம்பிக்கு,

நலம். நீ நலமா?

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீ எழுதியதுதானா என்று கையெழுத்தைப் பார்த்தேன். நீதான். உயிரோடு இருக்கிற மனிதரை இல்லை என்று ஒப்புக்கொண்டு நான் ஒரு வேலைக்குப் போக வேண்டுமா? உன் மாமாதானே உன்னை முதல் வேலையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். ஆனால் கோரிக்கையைத் திருப்பி வாங்க மாட்டேன்.

கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தேன். என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று நாற்பது நிமிஷம் பாட்டோடு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் நான் துணி துவைத்து, காயப்போட்டு, பாத்திரமும் கழுவிவிட்டேன். பிறகு ஒரு பெண் வந்தாள், சின்னக் குரல்.

"உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு மேடம். தேதியை மட்டும் உறுதிப்படுத்துங்க."

"எந்தத் தேதி?"

 விசைப்பலகைச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

"மேடம்... உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். லைன் துண்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் மறுபடி பாட்டு.

இன்னொன்றும் நடந்தது. விண்ணப்பித்தவர்களின் வீட்டைச் சரிபார்க்க ஒரு ஆள் வந்திருக்கிறான். அவன் மூன்றாவது ஒரு கம்பெனியாம். நான் அப்போது கடைக்குப் போயிருந்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று கீழ்வீட்டில் விசாரித்துவிட்டு, வாசல் சுவரில் சாக்பீஸால் 1 என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் சந்தையிலிருந்து வந்தால் மறுபடி 1. துடைத்துவிட்டு நானே 2 என்று எழுதினேன். சனிக்கிழமை பார்த்தால், என் இரண்டை அழித்து அதே இடத்தில் 1. கீழ்வீட்டுக்காரி சொல்கிறாள்: "ரொம்பப் பொறுமையான ஆளு. துடைச்சு, காயற வரைக்கும் நின்னு, எழுதிட்டுப் போறான்."

கண்டக்டரம்மாவுக்கு ஒரே பரீட்சையை மூன்று முறை வைத்தார்கள். வேலை உறுதி என்று திங்கட்கிழமை கடிதம், ரத்து என்று செவ்வாய்க்கிழமை கடிதம். "பஸ்ஸே தேவலை, ஏறினவன் எங்கயாவது இறங்கித்தான் ஆகணும்" என்கிறாள்.

உடனே பதில் போடு.

அக்கா

—

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

இரண்டு வியாழக்கிழமை போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஜீப் வரவில்லையா, அல்லது என் மேல் வருத்தமா? நான் கடுமையாக எழுதியிருக்கக் கூடாது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கல்யாணப் பதிவுச் சான்றை எடுத்துக்கொண்டு நேற்று அந்தக் கடைக்கே போனேன். மத்தியானம், நல்ல வெயில். மேசையைக் காணோம், பெண்ணைக் காணோம். சோபாக்கள் மட்டும் அப்படியே கிடந்தன. வாசலில் இருந்த காவலாளி, "அவங்க காலி பண்ணிப் பத்து நாளாச்சும்மா. எங்க போனாங்கன்னு எனக்கும் தெரியாது. உங்களை மாதிரி தினம் நாலு பேர் வந்து உக்காந்துட்டுப் போறாங்க" என்றார்.

உள்ளே ஸ்பீக்கர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது, தம்பி. அந்தப் பெட்டியின் ஒயரைப் பிடுங்காமலே போய்விட்டார்கள். ஆளில்லாத கூடத்தில் அதே குரல்: நூற்று எண்பத்தேழு. கொஞ்சம் இடைவெளி. நூற்று எண்பத்தெட்டு. எனக்குக் கால் வலித்தது, உட்கார்ந்தேன். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு என்றது. நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. மேசை இருந்த இடத்தை நோக்கி இரண்டு அடிகூட வைத்துவிட்டேன். இருநூற்றுப் பதின்மூன்று என்று அது சொன்ன பிறகுதான் சுயநினைவு வந்தது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் மாமா போன அன்று காலையில் சண்டை. அவருக்கு வேலை போய் எட்டு மாதம், எனக்கு அச்சகத்தில் ஓயாத வேலை. நான்தான் வாயை விட்டேன். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "போனா அப்படியே போயிடுங்க, திரும்பி வராதீங்க" என்றேன். நான் சொன்னதைத்தான் அவர் கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷமாகக் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது யாரோ ஒருவன் என் வீட்டுச் சுவரில் 1 என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்?

நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரியாவது எழுது.

அக்கா

—

ஏப்ரல் 18

அன்பான அக்காவுக்கு,

காய்ச்சல்ல கிடந்தேன். இப்பப் பரவாயில்லை. நீ கவலைப்படாதே.

உன் கடிதம் ரெண்டும் சேர்ந்து வந்துச்சு. மாமா போன அன்னிக்கு நீ சொன்னதை நினைச்சு உன்னைக் குத்திக்காதே. அவர் அதை மனசில வச்சுக்கிற ஆள் இல்லை.

போன்ல பேசின அந்தப் பொண்ணு தேதி ஏதாவது சொன்னாளா? இடம் சொன்னாளா? எனக்குச் சரியா எழுது. யாராவது கூப்பிட்டா இனிமே எடுக்காதே. பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் போகாதே அக்கா, வேற வேலை பாத்துக்கலாம். நீ இங்க கிளம்பி வரவும் வேண்டாம், பாதை சரியில்லை. ஜூன்ல நானே வர்றேன். நேர்ல பேசிக்கலாம்.

தம்பி

—

ஏப்ரல் 26

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா?

தேதியை உறுதிப்படுத்தச் சொன்னாள் என்றுதான் நான் எழுதினேன். இடத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அங்கே வருகிறேன் என்றும் எழுதவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் பயிற்சிக்குப் போய்வந்துவிட்டேன்.

முன்னுரிமைப் பட்டியலில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. கண்டக்டரம்மாவின் ரத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். போய்ப் பயிற்சியாளரிடம் நேரில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் போனேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பெஞ்சு, முழங்கால் இடிக்கிறது. ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். "பழகறதுக்கு அவங்கவங்க வீட்டையே திறந்து பாருங்க" என்றார் பயிற்சியாளர். அடையாள எண்ணைப் போட்டேன். என் வீடு வந்தது. தெரு, மாடி, கதவு எண்.

உறுப்பினர் 1 நான்.

உறுப்பினர் 2 நீக்கப்பட்டது. காரணம்: இறப்பு. தேதி: நவம்பர் 3. இரண்டரை வருஷத்துக்கு முந்தைய நவம்பர். இடம் என்ற கட்டத்தில் ஊர் இல்லை, அஞ்சல் எண் மட்டும். அந்த ஆறு இலக்கத்தை நான் பார்க்காமலே எழுதுவேன். உன் உறைமேல் எழுதி எழுதி என் கைக்குப் பழகிய எண்.

தகவல் தந்தவர்: மைத்துனர்.

எனக்கு ஒரே ஒரு தம்பி.

பக்கத்தில் கண்டக்டரம்மா எட்டிப் பார்த்தாள். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவள், அப்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் பயிற்சியாளர் சொல்லிக்கொண்டிருந்தார்: "வீட்டுக்காரங்க சொல்றதை அப்படியே எழுதுங்க. நீங்களா எதையும் ஊகிக்காதீங்க."

நான் அதை மூன்று முறை படித்தேன். எழுத்தெழுத்தாக, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும், அச்சகத்தில் படிப்பதுபோலப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

நான் ஊகிக்க மாட்டேன். நீ எழுது.

அக்கா

—

மே 10

அக்கா,

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை.

மாமா நம்ம வீட்டிலிருந்து நேரா இங்கதான் வந்தார். ஜீப் நிக்கிற இடத்திலிருந்து நடந்தே வந்தார். "உங்க அக்காகிட்டச் சொல்லாதே. இப்பச் சொன்னா, தம்பிகிட்டப் போய் ஒட்டிக்கிட்டார்னு இன்னும் கோபப்படுவா. கொஞ்சம் ஆறட்டும், நானே போய் நிக்கறேன்" என்றார். நான் ஒப்பந்தக்காரர்கிட்டச் சொல்லி, சுரங்கத்தில தண்ணி இறைக்கிற பம்ப் வேலையில சேத்துவிட்டேன். என் ரூமில என் பக்கத்துக் கட்டில்லதான் படுத்திருந்தார். நீ எனக்கு எழுதின கடிதங்களை எல்லாம் அவர்தான் முதல்ல படிப்பார். படிச்சிட்டு, "முழங்கால் வலியாமே" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

பதினோரு மாசம் இருந்தார். நவம்பர் கடைசியில உன்கிட்ட வர்றதா லீவு எழுதிக் குடுத்துட்டார். உன்கிட்ட என்ன சொல்றதுன்னு பம்ப் பக்கத்தில நின்னு சத்தமாச் சொல்லிப் பாப்பார். "வந்துட்டேன். திட்டறதா இருந்தா உள்ள வச்சுத் திட்டு. கதவைத் திற" என்பார். பம்ப் சத்தத்தில யாருக்கும் கேக்காதுன்னு அவர் நினைப்பு. சுரங்கம் குரலைக் கொண்டுபோய் எங்கெங்கயோ விடும். எல்லாருக்கும் கேக்கும், எல்லாரும் சிரிப்பாங்க.

மூணாம் தேதி காலையில உள்ளே பாறை பிளந்து தண்ணி வந்துடுச்சு. மூணு பேர். நான் வெளியே ஒயர் வெட்டிக்கிட்டிருந்தேன். உள்ளே பல்பெல்லாம் ஒண்ணொண்ணா அணையறதை நான் வாசல்லேர்ந்து பாத்தேன் அக்கா. கடைசிப் பல்புலேர்ந்து என்னை நோக்கி வரிசையா வந்துச்சு.

உறவு யாராவது கையெழுத்துப் போடணும்னு ஒரு தாளை நீட்டினாங்க. போட்டேன். வெளியே பேசக் கூடாதுன்னு இன்னொரு தாள், அதிலயும் போட்டேன். ஆத்துக்கு மேல ஒரு மேட்டில அடக்கம் பண்ணினோம். ரூமுக்கு வந்தா உன் கடிதம் கட்டில்மேல கிடக்கு. மாமா பத்தி ஏதாவது தெரிஞ்சுதான்னு கேட்டிருந்தே. "இன்னும் இல்லை"ன்னு எழுதினேன். நேர்ல வந்து சொல்லிக்கலாம், அதுவரைக்கும்னு. ஒரு தரம் எழுதின பிறகு, அடுத்த கடிதத்தில வேற எப்படி எழுதறது? அப்புறம் அந்தக் கேள்விக்குப் பதிலே எழுதாம விட்டேன். வீட்டுக்கு வர பயமா இருந்துச்சு. நீ கதவைத் திறந்தா என் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவே.

இங்கயும் கணக்கெடுக்கற ஆள் வந்தார். இந்த ரூமில எத்தனை பேர்னு கேட்டார். என் வாயில ரெண்டுன்னு வந்துடுச்சு. அப்புறம் ஒண்ணுன்னு மாத்திச் சொன்னேன்.

மன்னிச்சுக்கோன்னு எழுத எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி

—

மே 31

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் மூன்று நாள் நான் எழுந்திருக்கவில்லை. கண்டக்டரம்மா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டுப் போவாள். நாலாவது நாள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வீட்டிலிருந்தால் உனக்கு ஏதாவது எழுதிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

இதுவரை நூற்று அறுபது வீடு முடித்துவிட்டேன். "இந்த வீட்ல வழக்கமா எத்தனை பேர் வசிக்கறீங்க?" சுலபமான கேள்வி என்று நினைத்திருந்தேன். நிறையப் பேர் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு அம்மா "நாலு" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தாள். அப்புறம் "மூணுன்னே போடுங்க" என்றாள். நான் அவசரப்படுத்துவதில்லை. காத்திருக்க எனக்குத் தெரியும்.

நம் வீட்டை நானே எடுக்கக் கூடாதாம். அது கண்டக்டரம்மாவுக்கு விழுந்தது. முந்தாநாள் சாயங்காலம், தினமும் வந்துபோகிறவள், அன்று அட்டையோடு வாசலில் நின்று கதவைத் தட்டினாள். நானும் யாரோ வந்த மாதிரி "உள்ள வாங்க" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

டேப்லெட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் பக்கம் திருப்பினாள்.

உறுப்பினர் 2. உன் மாமா பெயர். திருமணமானவர். தற்காலிகமாக வெளியூரில். அடியில் சின்ன எழுத்தில்: திருத்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது.

நான் பிப்ரவரியில் கொடுத்த தாளை, எங்கேயோ யாரோ, எந்தக் கம்பெனியோ, அன்று காலையில்தான் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதம் நான் கெஞ்சியதைக் கொடுத்துவிட்டார்கள்.

"என்னடி செய்ய?" என்றாள் கண்டக்டரம்மா.  "அப்படியே விட்டுடவா? யாருக்குத் தெரியப் போகுது?"

உனக்குச் சொல்லத்தான் வேண்டும். விட்டுவிடு என்று சொல்ல வாய் திறந்தேன். அந்தத் திரையில் அவர் இருந்தார். இன்னும் பத்து வருஷத்துக்கு எந்த அலுவலகத்தில் தேடினாலும் இருப்பார். அப்போது மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. மேல்வீட்டுக்காரர்தான், ஏறிப் போய்விட்டார். ஆனால் தம்பி, என் காது அந்தச் சத்தத்தை எப்படிப் பிடித்துக்கொண்டது தெரியுமா? நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். இப்படியே பத்து வருஷம் எழுந்து எழுந்து உட்கார என்னால் முடியாது.

"மாத்து" என்றேன்.

"உறுதியா?"

"மாத்து."

மாற்றினாள். இந்த முறை திரை வெளுத்துத் திரும்பவில்லை. தகவல் தருபவர் யார் என்று கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். மனைவி என்று நானே தொட்டேன். போன முறை நீ போட்டாய். அது நான் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து. என் புருஷனை எனக்குத் தெரியாமல் மண்ணில் வைத்தாய். இரண்டரை வருஷம் என் கடிதங்களுக்கு என் தம்பியாகவே பதில் எழுதிக்கொண்டிருந்தாய். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பயந்திருப்பாய் என்று தெரிகிறது. தெரிவதால் ஆறிவிடவில்லை.

ஜூனில் நீ வர வேண்டாம். எனக்கு நாலு நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடிதம் வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை, தபால் ஜீப்பில் நானும் வருகிறேன். பாதை சரியில்லை என்று மறுபடி எழுதாதே, கேட்டுவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறதாம்.

ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்து நில். நான் இறங்கியதும் காலில் விழாதே, அழாதே, சாப்பிட்டாயா என்று கேட்காதே. நேராக மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. அங்கே போனதும், பம்ப் பக்கத்தில் நின்று அவர் சொல்லிப் பார்த்தாரே, அதை அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே, அதே சத்தத்தில், ஒரு முறை எனக்குச் சொல்லிக் காட்டு.

அதற்குப் பிறகு நான் உன்னோடு பேசுகிறேனா என்று பார்ப்போம்.

அக்கா